கேம்பர் வேனும் தகுதிச் சோதனையும்: கழற்றி மாட்டுவதா, பேப்பரையே மாற்றுவதா?

சரக்கு வேன் ஒன்றை வாங்கி, உள்ளே கட்டில் அடித்து, அடுப்பு வைத்து, ஓடும் வீடாக்கிக்கொள்ள நினைப்பவர்கள் முதலில் கேட்பது சோலார் பேனல் எத்தனை வாட், இன்சுலேஷனுக்கு எது நல்லது என்பதைத்தான். எஃப்.சி.க்கு, அதாவது தகுதிச் சான்றுக்கு, காட்டும் நாள் நெருங்கும்போதுதான் வேறொரு கேள்வி எழுகிறது: இது பேப்பரில் என்ன வண்டி? அதற்கான பதில், பாடியில் முதல் ஓட்டை போடுவதற்கு முன்பே கையில் இருக்க வேண்டும். சோதனை செய்பவருக்கு உங்கள் மரவேலையின் நேர்த்தியைப் பற்றிக் கவலை கிடையாது. பதிவுச் சான்றில் எழுதியிருப்பதும் எதிரில் நிற்பதும் ஒத்துப்போகிறதா, நிற்பது ரோட்டில் பத்திரமாக ஓடுமா என்பதுதான் அவர் பாடு.

பெயர் நாட்டுக்கு நாடு மாறும். பிரிட்டனில் எம்ஓடி, ஜப்பானில் ஷாகென், நியூசிலாந்தில் வாரண்ட் ஆஃப் ஃபிட்னஸ், ஜெர்மனியில் மக்கள் வாயில் வெறும் டூஃப். விதிகளும் அப்படித்தான். ஆனால் வண்டிக்காரர் முன்னால் இருக்கும் வழிகள் எங்கே போனாலும் ஏறக்குறைய ஒன்றுதான். எல்லாவற்றையும் கழற்றி மாட்டும்படி செய்து, வண்டியை வேனாகவே வைத்திருக்கலாம். நிரந்தரமாகப் பொருத்தி, பதிவையும் மோட்டார் கேரவன், அதாவது தங்கிப் பயணிக்கும் வண்டி, என்று மாற்றிக்கொள்ளலாம். அங்கீகாரம் பெற்ற கம்பெனி கட்டிய வண்டியை வாங்கிவிடலாம். நான்காவதாக, பேப்பரில் சரக்கு வேன், உள்ளே முழு வீடு என்று இரண்டுங்கெட்டானாக ஓட்டலாம். அதிகம் பேர் போவது இந்த நான்காவது வழியில்தான். நான் யாருக்கும் பரிந்துரைக்காததும் அதைத்தான்.

கழற்றி மாட்டும் வழி

கட்டில், அலமாரி, தண்ணீர்க் கேன், சிறு அடுப்பு எல்லாம் ஒரு பெட்டிக்குள் அடங்கும். அந்தப் பெட்டி சரக்குத் தளத்தில் ஏற்கெனவே இருக்கும் கட்டு வளையங்களில் பூட்டப்படும். வேண்டாதபோது இரண்டு பேர் பிடித்து இறக்கிவிடலாம். சட்டத்தின் கண்ணில் அது சரக்கு. சரக்கு ஏற்றுவது சரக்கு வேனின் வேலை, அதனால் கேள்வியே எழாது.

எது கழற்றக்கூடியது, எது பொருத்தியது என்பதில்தான் சிக்கல். ஜப்பான் இதைத் தெளிவாகவே பிரித்து வைத்திருக்கிறது. கையாலேயே திருகிக் கழற்றக்கூடிய விங் நட்டு மாதிரியானவை எளிய பொருத்தம். போல்ட், ஸ்க்ரூ, பசை எல்லாம் நிலையான பொருத்தம். வெல்டிங்கும் ரிவெட்டும் நிரந்தரப் பொருத்தம். கீழே போகப் போகக் கெடுபிடி கூடும். மாற்றத்தால் வண்டி எவ்வளவு வளர்ந்தால் பொறுத்துக்கொள்வார்கள் என்பதற்கும் அங்கே அளவு உண்டு: நீளத்தில் 3 சென்டிமீட்டர், அகலத்தில் 2, உயரத்தில் 4, சிறிய வண்டிகளுக்கு எடையில் 50 கிலோ. இதைத் தாண்டினால் கட்டமைப்பு மாற்றத்துக்குத் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் நாட்டு விதிப்புத்தகத்தில் இவ்வளவு துல்லியம் இல்லாமல் போகலாம். ஆனாலும் ஸ்பானர் இல்லாமல் இறங்குமா என்று உங்களையே கேட்டுப் பார்ப்பது எங்கேயும் உதவும்.

இந்த வழியில் அடிக்கடி மறக்கப்படுவது இருக்கை. பின்சீட்டைக் கழற்றி இடம் பண்ணினால், பதிவுச் சான்றில் எழுதிய இருக்கை எண்ணிக்கை பொய்யாகிவிடும். பல நாடுகளில் அதுவே பதிவைத் திருத்தவேண்டிய மாற்றம். சீட்டுக்கு அடியில் ஏர்பேக் ஒயர் ஓடும் வண்டியில் அதைப் பிடுங்கி வைத்தால் டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்கு எரிந்துகொண்டே இருக்கும். பிரிட்டனின் எம்ஓடியில் அந்த விளக்கு ஒன்றே தோற்கப் போதும்.

இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். கழற்றக்கூடியது என்பதற்காக ஆடக்கூடியதாக இருந்துவிடக் கூடாது. மோதலில் பொருளின் மேல் விழும் விசையைக் கணக்கிட, கார் இருக்கைகளுக்கான சோதனையில் இருக்கையின் எடையைப்போல் 20 மடங்கு விசையைக் கொடுத்து இழுக்கிறார்கள். 60 கிலோ சமையல் பெட்டிக்கு அதே கணக்கைப் போட்டால் 1,200 கிலோ எடைக்குச் சமம். அது ஓட்டுநரின் முதுகைத் தேடி வரும். ஆகவே இந்த வழியில் போகிறவர்கள், ஓட்டுநருக்கும் சரக்குத் தளத்துக்கும் நடுவில் கம்பெனி வைத்த தடுப்புத் தகட்டைக் கழற்றாமல் இருப்பது நல்லது. உள்ளே நடந்து போகும் வசதி போகும்தான். போனால் போகட்டும்.

தனியாகவோ இருவராகவோ பயணிப்பவர்கள், முன் இரண்டு சீட்டு போதும் என்பவர்கள், வாரநாளில் அதே வண்டியில் சாமான் ஏற்றவேண்டியவர்கள் இவர்களுக்கெல்லாம் இதைவிட நல்ல வழி தெரியவில்லை. இந்தியாவில் இருப்பவர்களுக்கு இது இன்னும் பொருந்தும். மோட்டார் வாகனச் சட்டம் 1988இன் 52ஆம் பிரிவு, உற்பத்தியாளர் கொடுத்த விவரங்களிலிருந்து பதிவுச் சான்று மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமும் அதையே உறுதிப்படுத்தியது. மோட்டார் கேரவன்களுக்கென ஏஐஎஸ்-124 என்ற தரநிலை இருக்கிறது. அது அனுமதி பெற்றுக் கட்டுபவர்களுக்கானது. பக்கத்துத் தெரு பட்டறையில் கட்டிவிட்டு, பிறகு போய் பதிவை மாற்றிக்கொள்ளலாம் என்ற கணக்கு அங்கே எடுபடாது.

பேப்பரை மாற்றும் வழி

ஐரோப்பிய ஒன்றியத்தின் 2018/858 விதி, மோட்டார் கேரவன் என்றால் என்னென்ன இருக்க வேண்டும் என்று பட்டியல் போடுகிறது: இருக்கையும் மேசையும், படுக்க இடம் (இருக்கையை விரித்துப் போடுவதாகவும் இருக்கலாம்), சமைக்க வசதி, பொருள் வைக்க அலமாரி. இவை வண்டியோடு அசையாமல் பொருத்தப்பட்டிருக்க வேண்டும். மேசை மட்டும் எடுத்து வைக்கும்படி இருக்கலாம். கவனித்தால் முதல் வழிக்கு இது நேர்எதிர். அங்கே போல்ட் இருந்தால் ஆபத்து, இங்கே போல்ட் இல்லாவிட்டால் ஆபத்து. பாதி கழற்றும்படியும் பாதி பொருத்தியும் செய்கிறவர் இரண்டு பக்கமும் மாட்டிக்கொள்வது இதனால்தான்.

ஜப்பானின் பட்டியல் வேறு மாதிரி. ஏறும் ஆட்களில் குறைந்தது மூன்றில் ஒரு பங்கு பேர் படுக்க இடம், நல்ல தண்ணீருக்கு ஒன்று, கழிவு நீருக்கு ஒன்று என 10 லிட்டர் தொட்டிகள் என்று போகும். அதற்குப் பலனும் உண்டு. சிறிய சரக்கு வண்டி முதல் 2 ஆண்டுக்குப் பிறகு ஆண்டுதோறும் ஷாகெனுக்குப் போக வேண்டும். கேம்பிங் வண்டியாகப் பதிவானால் 2 ஆண்டுக்கு ஒருமுறை போதும். பிரிட்டனிலும் இப்படி ஒரு வித்தியாசம் உண்டு. மொத்த எடை 3,000 கிலோவுக்கு மேல் 3,500 வரை உள்ள சரக்கு வேன் ஏழாம் வகுப்பு எம்ஓடிக்குப் போக வேண்டும். எல்லா நிலையங்களிலும் அது செய்வதில்லை. மோட்டார் கேரவன் நான்காம் வகுப்பு, அதாவது சாதாரணக் கார் போகும் அதே வரிசை.

இந்த வழியில் வேலை அதிகம், கேள்வியும் அதிகம். அவற்றில் தலையானது சீட் பெல்ட்.

பின்னால் ஆள் உட்கார வேண்டும் என்று நீங்கள் முடிவெடுத்த நிமிடத்தில் விஷயம் மரவேலையிலிருந்து எஞ்சினியரிங்குக்குப் போய்விடுகிறது. ஐ.நா.வின் 14ஆம் ஒழுங்குமுறைப்படி, கார் வகை வண்டியில் மூன்று முனை பெல்ட் மாட்டும் இடம் மேல் பட்டையில் 13,500 நியூட்டன், இடுப்புப் பட்டையில் 13,500 நியூட்டன் இழுப்பை ஒரே நேரத்தில் தாங்க வேண்டும். ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1,350 கிலோ தொங்குவதற்குச் சமம். பெல்ட் சீட்டோடு சேர்ந்தே வந்தால், சீட்டின் எடையைப்போல் 20 மடங்கும் கூடச் சேரும். வேன் தரையோ மெல்லிய தகடு. அதில் ஓட்டை போட்டு, ஒரு ரூபாய்க் காசு அகல வாஷரை வைத்து போல்ட்டை முடுக்கினால், இழுப்பு வரும்போது வாஷர் தகட்டைக் கிழித்துக்கொண்டு மேலே வந்துவிடும். அதனால்தான் அடியில் அகலமான, கனமான எஃகுப் பட்டையை வைக்கிறார்கள். முனைகளை மழுக்கி, முடிந்தால் சேஸிஸின் குறுக்குச் சட்டத்தைத் தொடும்படி அமைக்கிறார்கள். ஒட்டுப்பலகைப் பெட்டியில் பெல்ட்டை மாட்டுவது எந்தக் கணக்கிலும் சேராது. பக்கவாட்டில் பார்த்து உட்காரும் பெஞ்சுக்கு, ஓடும்போது ஆள் உட்கார இடம் என்ற தகுதியே பல நாடுகளில் கிடையாது. நிறுத்திய பிறகு டீ குடிக்க வைத்துக்கொள்ளலாம்.

என் யோசனை: வெறும் வேனில் சொந்தமாகப் பின்சீட்டு அமைக்காதீர்கள். தொழிற்சாலையிலேயே பின்சீட்டும் பெல்ட்டும் வந்த பயணி வகை வேனாகத் தேடி வாங்குங்கள். விலை கூடுதல்தான். ஆனால் பெல்ட் மாட்டும் இடத்துக்கு எஞ்சினியர் சான்று வாங்கும் அலைச்சலோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமில்லை. ஏற்கெனவே வெறும் வேன் வாங்கியாகிவிட்டதா? இழுப்புச் சோதனைச் சான்றோடு விற்கும் முழுச் சீட்டு-சட்டத்தை வாங்கி, அதைச் செய்தவர் சொன்ன இடத்தில், சொன்ன பட்டையோடு பொருத்துங்கள். போல்ட்டின் இடத்தை நாலு விரல் நகர்த்தினாலும் அந்தச் சான்று உங்கள் வண்டிக்குப் பொருந்தாது.

வேலையை ஆரம்பிக்கும் முன்பே சான்று தரும் எஞ்சினியரைப் பார்த்துவிட வேண்டும். நியூசிலாந்தில் பெரிய மாற்றங்களுக்கு லோ வால்யூம் வெஹிக்கிள் சான்று வாங்கி, அதன் தகட்டை வண்டியிலேயே பொருத்திவிடுவார்கள். ஆஸ்திரேலியாவில் இதற்கென வி.எஸ்.பி. 14 என்ற விதித் தொகுப்பே இருக்கிறது. எங்கேயானாலும் எஞ்சினியர் பார்க்க விரும்புவது மூடிய பிறகு தெரியாத இடங்களைத்தான்: அடிப்பட்டை, வெட்டிய கூரை விலா, வெல்டிங். பலகை அடித்து வார்னிஷும் பூசிய பிறகு கூப்பிட்டால், பிரியுங்கள் என்றுதான் சொல்வார். போட்டோ எடுத்து வைத்திருப்பது உதவும். நேரில் காட்டுவது அதைவிட உதவும்.

கூரையை வெட்டித் தூக்குக் கூரை வைப்பதும் சீட் பெல்ட்டுக்குச் சளைத்ததில்லை. கூரையின் குறுக்கு விலாக்கள் அலங்காரத்துக்கு இருப்பவை அல்ல, வண்டி உருண்டால் தாங்குபவை. வெட்டியதற்கு ஈடாக விளிம்பைச் சுற்றிச் சட்டம் வர வேண்டும். அதைச் செய்த கம்பெனியின் சான்றும் வேண்டும். ஜன்னலில் அவ்வளவு வில்லங்கம் இல்லை. ஐ.நா. 43ஆம் ஒழுங்குமுறையின் முத்திரை, அதாவது வட்டத்துக்குள் ஈ எழுத்தும் எண்ணும், கண்ணாடியின் மூலையில் பொறித்திருக்கிறதா என்று வாங்கும்போதே பாருங்கள். அது இல்லாத அக்ரிலிக் பலகையை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள்.

கேஸுக்குத் தனி கவனம் வேண்டும். புரொப்பேன் காற்றைவிட ஏறக்குறைய ஒன்றரை மடங்கு கனம். கசிந்தால் கீழே இறங்கித் தேங்கும். சிலிண்டர் வைக்கும் அலமாரி உள்ளறையிலிருந்து காற்றுப் புகாமல் அடைபட்டிருக்க வேண்டும், அதன் அடியில் வெளியே திறக்கும் ஓட்டை இருக்க வேண்டும். ஜெர்மனியில் 2025 ஜூன் 19 முதல் கேம்பர் வண்டிகளின் கேஸ் அமைப்பை 2 ஆண்டுக்கு ஒருமுறை தனியாகச் சோதிப்பது கட்டாயம். கேஸே வேண்டாம், மின் அடுப்பு போதும் என்று முடிவெடுத்தால் ஒரு தலைவலி குறையும், ஆனால் பேட்டரி எடை கூடும்.

எடைக் கணக்கு

எந்த வழியில் போனாலும் எடைமேடைக்கு ஒருமுறை போயே ஆக வேண்டும். மொத்த அனுமதி எடை 2,800 கிலோ, காலி எடை 1,900 என்று ஒரு வேனை வைத்துக்கொள்வோம். மிச்சம் 900 கிலோ. நிறைய இருப்பதுபோல் தோன்றும். 8க்கு 4 அடி, 18 மில்லிமீட்டர் பிர்ச் பிளைவுட் ஒன்று சுமார் 36 கிலோ. எட்டு பலகை போனால் 290. தண்ணீர் 100 லிட்டர், அப்படியே 100 கிலோ. ஈய பேட்டரி இரண்டு 55. நான்கு பேர் ஏறினால் 300. இதுவரைக்குமே 745 ஆகிவிட்டது. இன்னும் ஃபிரிட்ஜ், கேஸ், இன்சுலேஷன், சோலார், துணிமணி, சைக்கிள் எல்லாம் பாக்கி.

மொத்த எடை சரியாக இருந்தாலும் ஆக்ஸில் எடை, அதாவது முன் அல்லது பின் சக்கர அச்சில் ஏறும் பாரம், தவறலாம். முன், பின் சக்கரங்களுக்கு நடுவில் 3.5 மீட்டர் உள்ள வேனில், பின் ஆக்ஸிலுக்கு ஒரு மீட்டர் பின்னால் 100 கிலோ தண்ணீர்த் தொட்டியைத் தொங்கவிட்டால் பின் ஆக்ஸிலில் ஏறுவது 100 அல்ல, கிட்டத்தட்ட 129 கிலோ. மிச்ச 29 கிலோ முன்னால் குறைகிறது, அதாவது ஸ்டீயரிங் பிடியும் அந்த அளவுக்குத் தளர்கிறது. தொட்டியை இரண்டு ஆக்ஸில்களுக்கும் நடுவில் வைத்துவிட்டால் இந்தப் பிரச்சினையே வராது.

பின்பக்கம் தொங்குகிறது என்று ஸ்பிரிங்கை மாற்றுகிறவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். பழைய வேன்கள் பலவற்றில் பின் ஆக்ஸிலுக்கும் பாடிக்கும் நடுவில் ஒரு சிறு கம்பியும் வால்வும் இருக்கும். பாரம் ஏறிப் பாடி தாழ்ந்தால் பின் பிரேக்குக்கு அழுத்தத்தைக் கூட்டுவதும், காலியாக உயர்ந்தால் குறைப்பதும் அதன் வேலை. கனத்த ஸ்பிரிங் போட்டுப் பாடியை உயர்த்தினால், அந்த வால்வு வண்டி காலி என்றே நினைத்துக்கொண்டிருக்கும். மூன்று டன் வண்டி பிரேக்கைச் சோதிக்கும் ரோலரில் ஏறும்போது பின் பிரேக் பாதிதான் பிடிக்கும். மெக்கானிக் டிரம்மைப் பிரிப்பார், ஷூவை மாற்றுவார், மறுபடி தோற்கும். கம்பியின் நீளத்தைத் திருத்தினால் தீர்கிற விஷயம் அது.

ரெடிமேடும், இரண்டுங்கெட்டானும்

அங்கீகாரம் பெற்ற கட்டுநரிடம் வாங்கினால் மேலே சொன்ன கவலையில் முக்கால்வாசி அவர்களுடையது. பேப்பர் முழுசாக வரும், சோதனை நிலையத்தில் யாரும் புருவத்தை உயர்த்த மாட்டார்கள். காசு கூட. பிடித்த மாதிரி அலமாரி கிடைக்காது. செகண்ட் ஹேண்டில் வாங்கினால், முந்தின உரிமையாளர் சேர்த்த சாமானோடு ஒருமுறை எடை போட்டுப் பாருங்கள். சான்றில் உள்ள காலி எடையை நம்பிவிடாதீர்கள். குழந்தைகளோடு போகிற குடும்பம், பட்டறை வேலையில் ஆர்வமில்லாதவர்கள் இதற்கு மேல் யோசிக்கவே வேண்டாம்.

நான்காவது வழியை ஏன் வேண்டாம் என்கிறேன்? சோதனையில் தோற்கும் என்பதால் அல்ல. பல சமயம் தேறிவிடும். பிரேக், விளக்கு, டயர், துரு என்று பார்க்கிற வழக்கமான சோதனையில் உங்கள் சமையல்கட்டு பாடத்திட்டத்திலேயே இல்லாமல் போகலாம். அந்தச் சான்றைக் கையில் வாங்கிக்கொண்டு வண்டி முழுக்க அங்கீகாரம் பெற்றுவிட்டதாக நினைத்துக்கொள்கிறார்கள். விபத்துக்குப் பிறகு வருகிற இன்ஷூரன்ஸ் சர்வேயர் பார்ப்பது வேறு பாடத்திட்டம்: பாலிசியில் சரக்கு வேன், எதிரில் கட்டிலும் அடுப்பும், பதிவில் இல்லாத சீட்டில் உட்கார்ந்து வந்த ஆள். இன்ஷூரன்ஸ் கம்பெனிக்கு மாற்றத்தை எழுத்தில் சொல்லாமல் ஒரு கிலோமீட்டர்கூட ஓட்டாதீர்கள். பதிவு மாற்றம் நடந்துகொண்டிருக்கும் இடைக்காலத்துக்கும் இது பொருந்தும்.

சோதனைக்குப் போகும் முன்

தண்ணீர்த் தொட்டிகளைக் காலி செய்யுங்கள், கேஸை மூடுங்கள். பின்னால் பாரம் இருந்தால் முகப்பு விளக்கின் ஒளி மேலே தூக்கும். வழக்கமாக ஓட்டும் எடையில் வைத்து விளக்கைச் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சைக்கிள் ஸ்டாண்டு, ஏணி எதுவும் நம்பர் பிளேட்டையோ பின் விளக்கையோ மறைக்கக் கூடாது. கூடுதல் பேட்டரி அசையாமல் பிடித்திருக்கிறதா, ஃபியூஸ் பேட்டரிக்குப் பக்கத்திலேயே இருக்கிறதா, தகட்டைத் துளைத்துப் போகும் ஒயருக்கு ரப்பர் வளையம் இருக்கிறதா என்று பாருங்கள்.

பெல்ட் மாட்டும் இடத்தைச் சுற்றிப் பலகை அடித்திருந்தால் அதைக் கழற்றிவிட்டே போங்கள். எம்ஓடியில் பெல்ட் பிடிப்பிலிருந்து 30 சென்டிமீட்டருக்குள் இருக்கும் துருவைப் பார்ப்பார்கள். உங்கள் பலகையைப் பிரிப்பது அவர்கள் வேலை அல்ல. கட்டும்போதே அந்த இடத்தில் ஒரு சிறு மூடி வைத்துக்கொண்டால் ஒவ்வொரு முறையும் ஸ்க்ரூ டிரைவரோடு மல்லுக்கட்ட வேண்டியதில்லை. கண்ணாடி, சீட்டு, ஹீட்டர், கூரை இவற்றின் சான்றுகளையும் எடைமேடை ரசீதையும் ஒரே ஃபைலில் போட்டு முன்சீட்டில் வையுங்கள்.

தோற்றால், எந்த விதிப்படி என்று எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். வாய்ச்சொல்லை நம்பி வேலை பார்த்தால் அடுத்த முறை வேறொருவர் வேறொன்று சொல்வார். மறுசோதனைக்கு ஜெர்மனியில் ஒரு மாதம் தருகிறார்கள். பிரிட்டனில் 10 வேலை நாட்களுக்குள் அதே நிலையத்துக்குத் திரும்பக் கொண்டுவந்தால் விட்ட இடத்தை மட்டும் பார்த்தால் போதும். அதனால் சோதனைத் தேதியைப் பயணத்துக்கு முந்தின வாரத்தில் வாங்காதீர்கள். பாகம் வாங்கவும் பட்டறையில் இடம் கிடைக்கவும் அவகாசம் விட்டு, ஒன்றரை மாதம் முன்னாலேயே வாங்கிவிடுங்கள்.